ஜெனரலின் அம்மா

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் எழுதத் தொடங்கினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாயா என்று அறியும் ஆவலும் இந்த ஒரு வாரமாக எனக்கு இல்லை. எழுபத்தெட்டு வயதில், பெற்ற மகன் மீது இப்படி ஒரு கோபம் வரும் என்று நான் நினைத்ததே கிடையாது. ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, அப்படி என்னங்க ஐயா மனசுல போட்டு உழப்பிக்கறீங்க என்று கேட்டார். மகன் ஜெனரல் ஆயிட்டானுங்க, அதானுங்க என்றேன். அவர் சிரித்து, வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ சொன்ன பொய் மேடையில் ஏறிய பொய். சபை நிறைய ஆட்கள் கைதட்டிய பொய். நாளைக்குப் புத்தகத்திலும் ஏறப்போகிறது. அதற்கு நான் மட்டும் காதோடு காதாகப் பதில் சொல்வது நியாயமில்லை. அதனால் முதல் பிரதியை உன் போனுக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை ஒரு மாத இதழுக்குக் கொடுக்கிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. படிப்பவர்களுக்கு நீ அமெரிக்கப் படையில் தோளில் ஒரு நட்சத்திரம் வைத்த ஜெனரல். நான் இந்தியப் பட்டாளத்தில், பாலம் கட்டும் பிரிவில் பதினாறு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் குடியிருக்கிறேன். அவ்வளவு தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ அந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. மேல்படிப்புக்குப் போனவன், கிரீன் கார்டு வாங்கிய கையோடு சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டாய். அதை எங்களிடம் சொல்ல உனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. உன் அம்மா அழுதாள். நான் வெளியே முறைத்துக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தேன். பிறகு அந்த நாட்டுக் குடிமகனாகிப் பயிற்சிக்குப் போய் லெப்டினன்ட் ஆனாய். நீயும் பாலம் கட்டும் பிரிவுக்கே போனாய் என்று கேட்டபோது, அப்பனைப் பார்த்துத்தான் பிள்ளை என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் ஒருத்தர், ஏனுங்க அவல்தாரே, நாளைக்கு ரெண்டு நாடும் சண்டைக்கு நின்னா அப்பனும் மகனும் என்ன பண்ணுவீங்க என்று வம்புக்கு இழுத்தார். நான் ரிட்டயர்டுங்க என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

அப்போது போனில் நான் உனக்குச் சொன்ன ஒரே புத்தி நினைவிருக்கிறதா? பாலத்தின் மேல் முதல் லாரி போகும்போது, கட்டினவன் அந்த லாரியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். நீ அப்படியே செய்தாய் என்று பிறகு சொன்னாய். பாலைவன தேசத்தில், குண்டு விழும் இடத்தில், ஆற்றைத் தாண்டும் முதல் வண்டியில் நீ உட்கார்ந்து போனாயாம். கேப்டன், மேஜர், கர்னல் என்று நீ ஏறிய ஒவ்வொரு படியையும் நான் விரல் விட்டு எண்ணியவன். உன் அம்மா இறந்தபோது நீ சண்டை நடக்கும் நாட்டில் இருந்தாய். காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் வாரம்தான் வந்து சேர்ந்தாய். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு வருத்தம் இல்லை. விடுப்பு கிடைக்காத சிப்பாயின் கஷ்டம் எனக்குத் தெரியும்.

நட்சத்திரம் வைத்த விழாவைப் போனில் நேரடியாகக் காட்டினாய். உன் மனைவி ஒரு தோளிலும் என் பேத்தி ஒரு தோளிலும் நட்சத்திரத்தைக் குத்தினார்கள். என் கை தானாக நெற்றிக்குப் போனது. மகனுக்கு சல்யூட் அடித்த கிழவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு பெரிய அதிகாரி உன் வாழ்க்கையைப் படித்தார். எனக்குப் பட்டாளத்து இங்கிலீஷ் தெரியும். தென்னிந்தியாவில் சொந்தப் பருத்தித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர், அப்பாவும் அம்மாவும் தோட்டத்தை நடத்தினார்கள், இறைப்புக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து படித்தவர் என்று அவர் படிக்கப் படிக்க, வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். நீ தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டு நின்றாய்.

அந்தத் தோட்டம் எது என்று எனக்குத் தெரியும். பண்ணாடி தோட்டம். எங்கள் ஆட்கள் தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். என் அப்பாவும் அம்மாவும் அங்கே பண்ணையத்துக்கு, வருஷக் கூலிக்கு, இருந்தவர்கள். உன் அம்மாவும் நான் பட்டாளத்தில் இருந்த வருஷமெல்லாம் அங்கேதான் களை வெட்டினாள், பருத்தி எடுத்தாள். நீ வயிற்றில் எட்டு மாதமாக இருக்கும்போது இடுப்பு வலி தாங்காமல் களை வரிசையைப் பாதியில் விட்டு வரப்பில் உட்கார்ந்தவளைப் பார்த்து, புடிச்ச நெரைய முடிச்சுப்போட்டு உக்காரு என்று பண்ணாடியின் பெண்டாட்டி, பண்ணாடிச்சி, சொன்னாளாம். நான் விடுப்பில் வந்தபோது இதை உன் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். பண்ணாடிச்சி அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டாளத்தான் பொண்டாட்டி என்பதுதான் அங்கே அவளுக்குப் பெயர்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இரண்டு நாளாகக் கை வரவில்லை. உனக்கு ஒன்பது வயதில் நான் பட்டாளத்தை விட்டு வந்து, கோயம்புத்தூரில் ஒரு மில்லில் காவல் வேலைக்குச் சேர்ந்தேன். உன்னை நல்ல பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்று கணபதிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடினேன். நீயும் கூடவே வந்தாய். ஐந்து வீடு பார்த்தோம். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க, தோட்டங்காடு இருக்குதுங்களா, எந்தக் கூட்டமுங்க என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பல கூட்டங்களாகப் பிரிந்தவை. கூட்டத்தின் பெயரைச் சொன்னால் சாதி, பங்காளி, குலதெய்வம் எல்லாம் சொன்னதாகிவிடும். சொல்லத் தெரியாமல் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான். ஐந்து வீட்டிலும் அவருகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றோமுங்க என்றார்கள். இத்தனை ‘ங்க’ போட்டு மரியாதையாக ஒருவனை வாசலுக்கு வெளியே தள்ள எங்கள் சீமையில்தான் முடியும்.

ஆறாவது வீட்டில் நான் பொய் சொன்னேன். அன்னூர்ப் பக்கமுங்க, தோட்டம் இருக்குதுங்க, அண்ணந்தம்பிக பாத்துக்கறாங்க என்றேன். கூட்டம் எது என்று கேட்டதும் பண்ணாடி வீட்டுக் கூட்டத்தின் பெயரை வாய் கூசாமல் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சாவியைக் கையில் கொடுத்து, பையனுக்கு ஒரு வாழைப்பழமும் கொடுத்தார். வெளியே வந்ததும் உன்னைச் சைக்கிளில் உட்கார வைத்து, கண்ணு, இனி யார் கேட்டாலும் இதையே சொல்லோணும் என்றேன். வழியெல்லாம் உன்னைச் சொல்லவைத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை நீ தப்பில்லாமல் சொன்னாய். நான் உன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

அந்த வீட்டில் இருந்த பதின்மூன்று வருஷமும் உன் அம்மா சொந்தபந்தம் ஒருவரையும் வரவிடவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். ஒரே ஒரு தடவை அவள் தம்பி, உன் மாமன், சொல்லாமல் கொள்ளாமல் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு பை நிலக்கடலையோடு வந்து நின்றான். வீட்டுக்காரம்மா குழாயடியில் நின்று, யாருங்க வந்திருக்கறது என்று கேட்டார். தோட்டத்து ஆளுங்க என்றேன். அது உன் மாமன் காதில் விழுந்தது. உன் அம்மா டீ போட்டுக்கொண்டு வந்தாள். வாசல் கூட்ட வருகிற பெண்ணுக்கென்று வீட்டுக்காரம்மா ஜன்னலில் ஒரு டம்ளர் வைத்திருந்தார். அந்த டம்ளரில்தான் உன் அம்மா தன் தம்பிக்கு டீயை ஊற்றினாள். நான் ஊற்றச் சொல்லவில்லை. ஊற்றாதே என்றும் சொல்லவில்லை. அவன் நின்றபடியே குடித்தான், டம்ளரைக் கழுவி ஜன்னலில் வைத்தான். அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லாமல், வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனான். நீ கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை. நீ அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய அடுத்த மாதமே உன் அம்மா, நான் காலனிக்குப் போறேன், நீங்க வாரீங்களா இல்லையா என்று கேட்டாள். அவள் என்னிடம் உத்தரவு கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். நானும் பின்னாலேயே வந்தேன்.

ஆக, விதை நான் போட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் சொன்னது வாடகை வீட்டுக்காக. மழை பெய்தால் நனையாமல் நீ படிக்க ஒரு கூரை வேண்டும் என்பதற்காக. நீ எதற்காகச் சொன்னாய்? உன் தலைக்கு மேல் கூரை இல்லையா? உனக்குக் கீழே ஆயிரம் பேர் விறைப்பாக நிற்கிறார்கள். உன்னை எந்தக் கூட்டம் என்று கேட்க அங்கே எவனுக்குத் தைரியம் வரும்?

இதைத்தான் போன மாதம் நீ போன் செய்தபோது வேறு மாதிரி கேட்டேன். உன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதும் அமெரிக்க அம்மையார் அன்னூருக்கு வருகிறார் என்றாய். "ரெண்டு நாளைக்குத்தானுங்கப்பா. பண்ணாடி பேரங்கிட்டப் பேசிப்போட்டேன். நீங்க தோட்டத்து ஊட்டுல உக்காந்து பதில் சொன்னாப் போதுங்க," என்றாய். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு, எதற்குச் சாமி இதெல்லாம், அமெரிக்காக்காரனுக்குக் கூட்டம் தெரியுமா, காலனி தெரியுமா என்றேன். "அவனுக்குத் தெரியாதுங்க. அங்க இருக்கற நம்ம ஊரு ஆளுகளுக்குத் தெரியுமுங்க. முப்பது வருசமாச் சொன்னத இனி மாத்த முடியாதுங்கப்பா," என்றாய். குண்டு விழும் ஆற்றில் முதல் வண்டியில் போனவன் பயந்து பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். உன் மீது இரக்கம் வந்துவிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று தெரிந்தும் சரி என்று சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பண்ணாடி பேரன் இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருக்கிறான். நல்ல பையன்தான். வாங்க, உக்காருங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் தாத்தா உட்காரும் நாற்காலி. "நமக்கென்னங்க, ஜெனரல் நம்ம தோட்டத்துப் பையன்னு எழுதுனா நம்ம ஊட்டுக்கும் பெருமைதானுங்க," என்றான். அந்த வீட்டு நடையைத் தாண்டி நான் உள்ளே போனது எழுபத்தெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கால் கூசியது. இந்த வயதிலும் கூசுகிறதே என்று என் மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது.

எழுதும் அம்மையார் அருமையான மனுஷி. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி கூட இருந்து எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். கிணறு எத்தனை அடி என்று கேட்டார். சொன்னேன். எத்தனை அடியில் பாறை வந்தது, எந்த மூலையில் ஊற்று வந்தது என்றுகூடச் சொன்னேன். அந்தக் கிணற்றை வெட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர், எனக்குத் தெரியாதா? எந்தக் காட்டில் எந்த மாதம் பருத்தி போட்டார்கள், எந்த வருஷம் புழு விழுந்தது, எல்லாம் சொன்னேன். அம்மையார் எழுதிக்கொண்டே இருந்தார். நான் சொன்னதில் ‘எங்க’ என்ற ஒரு சொல் மட்டும்தான் பொய். இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

பிறகு கூடத்துக்குப் போனோம். சுவரில் பண்ணாடிச்சி படம் மாலை போட்டு மாட்டியிருந்தது. மூக்குத்தி, கெட்டிக்கரைச் சேலை. அம்மையார் அதன் முன்னால் நின்றுவிட்டார். நோட்டைப் புரட்டி எதையோ சரிபார்த்தார். கூட வந்த பெண் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, கூடத்துல அம்மா படம் இருக்கும், மூக்குத்தி போட்டிருப்பாங்கன்னு ஜெனரல் சொன்னாருங்களாமா. இவங்கதானுங்களே?" என்று கேட்டாள்.

போன தடவை ஊருக்கு வந்தபோது இந்தத் தோட்டத்து வீட்டுக்கு நீ எதற்கு ஒரு நடை போய் வந்தாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தை எடுத்துக்கொண்டாய், கிணற்றை எடுத்துக்கொண்டாய், கூட்டத்தை எடுத்துக்கொண்டாய். அதெல்லாம் நான் பழக்கிவிட்டது. அம்மாவை மாற்றிக்கொள் என்று நான் உனக்குச் சொல்லித் தரவில்லையே. பண்ணாடி பேரன் தரையைப் பார்த்தான். அவனுக்கே அது பொறுக்கவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்து நின்றார்கள்.

நான் தலையை ஆட்டினேன், கண்ணு. ஆமாம் என்று ஆட்டினேன். அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பண்ணாடிச்சி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். நாற்பத்தைந்து வருஷம் என்னோடு வாழ்ந்தவளை அந்த ஒரு நிமிஷத்தில் நானும் சேர்ந்து இல்லாமல் ஆக்கினேன். நீ அங்கே இருந்து எழுதிக் கொடுத்தாய், நான் இங்கே இருந்து முத்திரை குத்தினேன். உன்னைத் துரோகி என்று எழுதும்போது என்னைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் கண்ணு, எனக்கு வலிக்கிறது. முதுகில் குத்துப்பட்டவனுக்கு இப்படித்தான் வலிக்கும். உன்னைப் பெற்றவளை நீ என்ன என்று நினைத்தாய்? அவள் அந்தத் தோட்டத்தில் குனிந்து எடுத்த பருத்தியில்தான் உன் முதல் பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்த நடைதான் உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் போன் செய்து, அம்மையாரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வா அம்மணி என்றேன். தோட்டத்துக்குத்தானுங்களே என்றாள். இல்லை, காலனிக்கு என்றேன். பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, உன் அம்மா குடித்த டம்ளரிலேயே டீ கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆறாவது வீட்டில் ஆரம்பித்து முந்தைய நாள் தலையாட்டியது வரைக்கும் சொன்னேன். உன் மாமன் டீ குடித்த இடம் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் வரவில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து மிச்சத்தைச் சொன்னாள்.

உன் அம்மாவின் படம் என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். பென்ஷன் புத்தகத்தில் நானும் அவளும் சேர்ந்திருக்கும் படம். அதில் அவள் முறைத்துக்கொண்டு இருப்பாள், படம் எடுப்பவன் சேலைத் தலைப்பைச் சரிசெய் என்று சொன்னது பிடிக்காமல். அதை எடுத்துக் காட்டினேன். அம்மையார் வெகு நேரம் பார்த்தார். இந்த முறை கும்பிடவில்லை, போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஜெனரல் இதற்குக் கோபித்துக்கொள்வாரா என்றும் கேட்டார். தெரியாதுங்க என்றேன். கடைசியாக உன் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டுப் பேனாவைத் திறந்தார். நான் சொல்லவில்லை. அவனிடமே கேளுங்கள் என்றேன்.

நீ பயப்படுவது எனக்குத் தெரியும். அங்கே இருக்கிற நம் ஊர் ஆட்கள் மேடையில் உன் பக்கத்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பொங்கல் விழாவுக்குக் கூப்பிடாமல் விடலாம். முழுப் பூசணிக்காயை முப்பது வருஷம் சோற்றில் மறைத்தவனைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இந்த வயதில் நானும்தான் இங்கே எல்லோர் முன்னாலும் தலை குனிந்து நிற்கிறேன். கூட வந்து நில், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வதாக அம்மையார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பார். நீ சொன்னால் அது ஜெனரலின் அம்மா பெயராகப் புத்தகத்தில் வரும். நீ சொல்லாமல் போனால் திங்கட்கிழமை நான் சொல்லிவிடுவேன். அப்போது அது ஒரு ஹவில்தாருடைய மனைவியின் பெயராக மட்டும் வரும்.

இப்படிக்கு,
உன் அப்பா